கூப்பிட்டால் திரும்பும் தலை

ஒட்டோகர் வனியெக் யாரைப் பார்த்தும் ‘நல்ல காலை’ என்று சொன்னதில்லை. ‘காலை’ என்பான், அவ்வளவுதான். நல்லதா கெட்டதா என்பது சாயங்காலம் அல்லவா தெரியும்? மாடிப்படியில் பெண்கள் எதிரே வந்தால் மற்ற வியன்னாக்காரர்கள் ‘கையை முத்தமிடுகிறேன், அம்மணி’ என்று சொல்லிக்கொண்டே விடுவிடுவென்று இறங்கிப் போய்விடுவார்கள். கையும் கிடையாது, முத்தமும் கிடையாது. ஒட்டோகர் அதையும் சொல்லமாட்டான். “செய்யாததைச் செய்றேன்னு எதுக்குச் சொல்லணும்?” என்பான். அவன் குடியிருந்த கட்டிடத்தின் வாசல்காரி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்: “மனுஷன் தங்கம்தான். வளர்ப்புதான் சரியில்ல.”

வளர்ப்பைச் சொல்லி என்ன பயன்? அவன் அப்பா மொராவியாவில் அடுப்புக் கட்டுகிற கொத்தனார். ஊரில் கழுதையைக் கண்டால்கூடத் தொப்பியைக் கழற்றியவர். பையன் படித்தது பௌதிகம், கெட்டது தத்துவத்தால். முப்பத்துநாலு வயதில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பௌதிக வாத்தியார். அது போக, புதன்கிழமை சாயங்காலம் ஆனால் லிண்டோவர் காப்பிக் கடையின் மூலை மேசையில் அவனும் அவன் கூட்டாளிகளும் கூடிவிடுவார்கள். பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் கூடுகிற பெரிய வட்டம் ஒன்று அப்போது ஊரில் இருந்தது. அதில் இடம் கிடைக்காதவர்களின் சின்ன வட்டம் இது. ஆனாலும் அவர்களைவிட நாங்கள்தான் கறார் என்று இவர்களுக்கு நினைப்பு. இடம் கிடைக்காதவன் வேறு என்ன நினைப்பான்?

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம் காப்பிக் கடைகளில் காப்பியோடு ஒரு கிளாஸ் தண்ணீர் வரும், அதன் மேல் ஒரு கரண்டி கிடக்கும். யாராவது ஒரு வாக்கியத்தை எடுத்து விட்டால், ‘எதைப் பார்த்தா இது மெய்யி, எதைப் பார்த்தா பொய்யி?’ என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் கரண்டியை எடுத்து கிளாஸில் ஒரு தட்டு. டிங்! அந்த வாக்கியம் செத்தது என்று அர்த்தம். “சூப்புல உப்பு போதல” என்றால் யாரும் தட்டமாட்டார்கள், உப்பை நகர்த்துவார்கள். “உலகத்தோட ஆன்மா மேல மேல ஏங்குது” என்று ஒரு கவிஞர் ஒருநாள் தெரியாத்தனமாக அந்த மேசையில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். எல்லாக் கரண்டியும் சேர்ந்து அடித்த அடியில் சர்வர் அலோய்ஸ் பில் கேட்கிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தான்.

இந்த மனுஷனைத்தான் போல்டி பிடித்தாள். பிடித்தாளா, பிடிபட்டாளா என்பது வேறு விஷயம். லியோபோல்டினே ப்ரிபில் என்பது முழுப்பெயர். அப்பாவுக்குக் கோபம் வந்தால்தான் அது முழுசாக வெளியே வரும். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்தாள், வயது முப்பதைத் தாண்டியிருந்தது, வாய் எட்டு ஊருக்குக் காணும். தொழிலாளர்களுக்கான மாலைப் பள்ளியில் ஒட்டோகர் ‘விஞ்ஞானம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை’ என்று வகுப்பெடுத்தான். குளிருக்கு அடக்கமாக உட்காரலாம் என்று போனவள் முதல் நாளே எழுந்து நின்றாள்.

“வாத்தியாரே, ‘இந்த ரூம் சூடா இருக்கு’ன்னு நான் சொல்றேன். இதுக்கு அர்த்தம் இருக்கா?”

ஒட்டோகர் மூலையில் நின்ற இரும்புக் கணப்பிடம் போய் உள்ளங்கையை அதன் மேல் வைத்தான். வைத்தபடியே நின்றான்.

“அர்த்தம் பிரமாதமா இருக்கு. ஆனா பொய்யி.”

வகுப்பு சிரித்தது. அடுத்த வாரம் அவன் தன் தோல்பையில் வீட்டு நிலக்கரியைக் கொண்டுவந்து, கை கறுக்க அதே கணப்பை மூட்டினான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போல்டி அன்றைக்கு விழுந்தவள்தான்.

அவன் காதலைச் சொன்ன விதத்தைக் கேளுங்கள். ஒருநாள் டிராம் நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “உங்களப் பாக்கும்போது எனக்கு நாடி வேகமாகுது, மிஸ் ப்ரிபில். கொஞ்ச நாளாவே கவனிச்சுட்டு வர்றேன். காப்பி குடிக்காத நாள்லயும் ஆகுது” என்றான். வேறொருத்தி என்றால் டிராம் ஏறியிருப்பாள். போல்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஆமாம், ஓடுது” என்றாள். காப்பியைக்கூடக் கழித்துப் பார்த்துவிட்டு வந்தவனை எப்படி விடுவது?

இனி அப்பாவிடம் வருவோம். வம்பு அங்கேதான் இருந்தது.

கோட்ஃப்ரீட் ப்ரிபில் ஒரு ஹோஃப்ராட். ஹோஃப் என்றால் அரசவை, ராட் என்றால் ஆலோசகர்; கூப்பிடும்போது முன்னால் ‘ஹெர்’, அதாவது ‘திரு’, சேர்ப்பார்கள். சக்கரவர்த்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டம். உலக யுத்தம் முடிந்ததும் சக்கரவர்த்தி போனார், அரசவை போனது. பட்டம் மட்டும் போகவில்லை. இதில் இன்னொரு கூத்து உண்டு. அவர் ஆலோசனை சொன்னது கலங்கரை விளக்கங்களுக்கு. சமாதான ஒப்பந்தத்தில் ட்ரியஸ்ட் துறைமுகத்தோடு கடலையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆக, அரசவை இல்லை, கடல் இல்லை, விளக்கு இல்லை. மெழுகு தடவிய மீசையோடு மனிதர் மட்டும் இருந்தார். மனைவி போன பிறகு போல்டிதான் அவருக்கு எல்லாம். தினமும் காலையில் லிண்டோவர் கடைக்குப் போவார். அலோய்ஸ் “வரணும், ஹெர் ஹோஃப்ராட்!” என்று கோட்டைக் கழற்ற வருவான். அந்த ஒரு குரலுக்காகத்தான் அவர் காலையில் எழுந்து மீசையை முறுக்கினார் என்று போல்டிக்குத் தெரியும்.

முதல் நாள் விருந்துக்கு வந்த ஒட்டோகர் வாசலில் நின்று, “ஹெர் ப்ரிபில், காலை” என்றான்.

கிழவர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சி சூப் மேசைக்கு வந்தது. அவன் போன பிறகு அப்பா கைத்துண்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“லியோபோல்டினே. அவனுக்குச் சொத்து இல்ல, பரவாயில்ல. கோட்டுல சுண்ணாம்புப் பொடி, அதையும் தட்டிக்கலாம். அவன் இந்த வாசல்ல நின்னு, ஒரே ஒரு தடவை, ஹெர் ஹோஃப்ராட்னு கூப்பிடட்டும். அன்னைக்கே உன்னைக் கட்டிக் குடுக்கறேன். இல்லேன்னா என் பொணத்தத் தாண்டிப் போ.”

அப்பாவை மீறிப் போக அவளுக்குக் கால் இருந்தது, மனம்தான் இல்லை. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துத் தன் கையால் பரிமாற வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான். நடுவில் நின்றது ஒரு வார்த்தை.

“ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்திடுமா?” என்று ஒட்டோகரிடம் பாய்ந்தாள்.

“எனக்கு வின்ஸென்ஸ்னு ஒரு தம்பி இருந்தான்” என்றான். “இத்தாலி எல்லையில, இஸோன்ஸோ ஆத்தங்கரையில சண்டை. ‘பேரரசோட மானத்துக்காக அந்த மேட்ட விடக்கூடாது’ன்னு கேப்டன் சொன்னார். மானம்னா என்ன, அது எங்க இருக்கு, போயிட்டா எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதுன்னு ஒருத்தனும் கேக்கல. நானும் கேக்கல, போல்டி. பீரங்கிக்குக் கணக்குப் போட்டுட்டுப் பக்கத்துலயே நின்னேன். மேடும் போச்சு, அவனும் போயிட்டான். அதுலேர்ந்து, வெறும் வார்த்தையா வாய்க்கு வந்தா எனக்குத் தொண்டைய அடைக்குது.”

போல்டிக்கு அதற்கு மேல் அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் விட்டுவிடுகிற ஜாதியும் இல்லை அவள். ராத்திரி முழுக்க யோசித்து, ஞாயிற்றுக்கிழமை அவனை லிண்டோவர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“ஹோஃப்ராட் வெறும் வார்த்தைன்னு சொல்றீங்களே, சோதிச்சுப் பாத்தீங்களா?”

“எப்படிச் சோதிக்கறது?”

“கோட்டு மாட்டுற இடத்துல போய் நில்லுங்க. முதல்ல ‘ஹெர் ப்ரிபில்’னு கூப்பிடுங்க. அப்புறம் இன்னொண்ணச் சொல்லுங்க. என்ன ஆகுதுன்னு பாருங்க.”

சோதனை என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் காது விடைத்துக்கொண்டது. போய் நின்றான். “ஹெர் ப்ரிபில்!” என்று கூப்பிட்டான். ஒரு பத்திரிகைகூட அசையவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு குகெல்ஹுப் கேக்கைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“ஹெர் ஹோஃப்ராட்!”

அடேயப்பா! அரைக் கடை திரும்பியது. ஜன்னலோரம் இருந்தவர்கள், செஸ் ஆடியவர்கள், கழிப்பறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவர், எல்லாரும் ஹோஃப்ராட்! பில்லியர்ட்ஸ் மேசையில் ஒருவர் திரும்பிய வேகத்தில் துணியைக் கிழித்துவிட்டார். எல்லாத் தலைக்கும் நடுவில் அப்பாவின் தலையும் திரும்பியிருந்தது. மீசையில் கேக் துகள், கண்ணில் ஈரம். எழுந்து நின்று, “சொல்லுங்க, மாப்பிள்ளை” என்றார்.

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்! போல்டி மேசைக்கு அடியில் கையைப் பிசைந்துகொண்டாள். இதோடு அவன் வாயை மூடியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறதற்கென்று சிலர் பிறக்கிறார்கள்.

“ரொம்ப நன்றி, ஹெர் ப்ரிபில்” என்றான் ஒட்டோகர், முகமெல்லாம் சந்தோஷமாக. “நான்தான் தப்பு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் இருக்கு. ஹோஃப்ராட்னா, அந்தச் சத்தம் கேட்டா தலையத் திருப்புற பிராணி. இப்ப எல்லாரும் கண்ணால பாத்தாச்சு.”

அன்றைக்கு அந்தக் கடையில் எழுந்த கூச்சலைப் பற்றி அலோய்ஸ் பல வருஷம் பேசினான். பழைய அரசவையே கைத்தடியோடு அவன் மேல் திரும்பியது. அப்பா மட்டும் கத்தவில்லை. தானே கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு, வெளியே போய்விட்டார்.

“அறிவுக் கொழுந்தே!” என்று போல்டி பல்லைக் கடித்தாள். “கேட்டாங்களா யாராவது உங்கள?”

“உண்மையத்தானே…”

“உண்மையக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க!”

அதற்கப்புறம் அப்பா காப்பிக் கடைக்கே போகவில்லை. மீசை தொங்கிவிட்டது. பனிக்காலம் பிறந்து ஒருநாள், ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்தார். போல்டி படிக்கட்டில் வைத்தே ஒட்டோகரை வழிமறித்தாள்.

“உங்க வாயால வந்த வினை. உள்ள வராதீங்க.”

அவன் கசகசா ஸ்ட்ரூடல் பலகாரப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். மறுநாளும் வந்து உட்கார்ந்தான். அந்தக் கட்டிடத்து வாசல்காரிகூட அவனைச் சுற்றிப் பெருக்கப் பழகிவிட்டாள். அவனைத் தாண்டி டாக்டர் போனார், பாதிரியார் போனார், பழைய ஆபீஸ்காரர்கள் போனார்கள். உள்ளேயிருந்து ஒவ்வொருவர் குரலும் ஒரே மாதிரி வந்தது: “ஹெர் ஹோஃப்ராட்… ஹெர் ஹோஃப்ராட்…” உள்ளே பதிலே இல்லை. டாக்டர் இறங்கி வரும்போது, “நினைவு போயிட்டதும்மா. இனி ஆண்டவன் கையில” என்றார். வேறு நாளாக இருந்தால் ஒட்டோகர் இதற்கொரு கிளாஸைத் தேடியிருப்பான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் போனதும் மெதுவாகக் கேட்டான்: “போல்டி, அவர என்னென்ன சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தீங்க?”

“நான் அப்பான்னு கூப்பிட்டேன். மத்தவங்க ஹோஃப்ராட்னு.”

“வேற எதுவும்?”

“வேற எப்படிக் கூப்பிட யாருக்குத் தைரியம்?”

“அப்போ சோதனை பாதிதான் நடந்திருக்கு.”

அவளுக்கு அவன் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யாமல் கதவை விட்டு நகர்ந்தாள். என்ன இழக்கப்போகிறோம் என்று நினைத்திருப்பாள்.

ஒட்டோகர் கட்டில் அருகே போய்த் தொப்பியைக் கழற்றினான். குனிந்து, பள்ளிக்கூடத்துக் குரலில் உரக்கக் கூப்பிட்டான்.

“ஹெர் ப்ரிபில்!”

ஒன்றுமில்லை. பிறகு இடது இமை துடித்தது. கண் திறந்து, தேடி, அவனைக் கண்டுபிடித்தது. தலை, அந்த அசையாத தலை, தலையணையில் மெல்லத் திரும்பியது. கோணிய வாய் திறந்து மூடி, மறுபடி திறந்தது.

“ஹோஃப்… ஹோஃப்… ராட்!”

போல்டி வீல் என்று கத்திவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

“எந்த அரசவை, ஹெர் ப்ரிபில்?” என்றான் ஒட்டோகர். அவன் குரலும் உடைந்திருந்தது.

“க… கழுதை!” என்றார் அப்பா. இடது கையால் தண்ணீர் கிளாஸைத் தட்டிவிட்டார்.

அன்று முதல் அதுவே வைத்தியம். பள்ளிக்கூடம் விட்டதும் ஒட்டோகர் வருவான், வாசலில் நின்று “ஹெர் ப்ரிபில்!” என்பான், உள்ளே கிழவர் பொங்குவார். கழுதைக்கு அப்புறம் முட்டாள் வந்தது, முட்டாளுக்கு அப்புறம் ராஜத்துரோகி. “ட்ரியஸ்ட் துறைமுகத்துல இப்ப யாரோட விளக்கு எரியுது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டான். அதற்குப் பதில் சொல்வதற்காகவே அவர் எழுந்து உட்கார்ந்தார். கலங்கரை விளக்கங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டத் திட்ட அவருக்கு நாக்குத் திருந்தியது. டாக்டர் வந்து பார்த்து, “ஆண்டவன் செயல்” என்றார்.

வசந்தம் வந்து லைலாக் பூக்கிற சமயத்தில் அப்பா அவனைக் கூப்பிட்டார். “நீ மரியாதை கெட்டவன்.”

“ஆமாம்.”

“வேற எவனுக்காவது இவளக் குடுத்தா, அவன் என்னை ஹோஃப்ராட் ஹோஃப்ராட்னு தாலாட்டியே தூங்க வச்சிருவான். கட்டிக்கிட்டு இங்கயே இருந்து தொலை. ஆனா ஒண்ணு. நான் சாகறதுக்குள்ள அந்த வார்த்தைய உன் வாயால கேக்கணும், அர்த்தம் சொல்லாம.”

“முயற்சி பண்றேன்னு சொல்லலாம். ஆனா அது பொய்யாகும், ஹெர் ப்ரிபில்.”

“வெளிய போ!” என்று கத்தினார் அப்பா, வாய்கொள்ளாத சிரிப்போடு.

ஆக, போல்டிக்கு மேசை கிடைத்தது. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் புருஷன், நடுவில் கொழுக்கட்டை. வார்த்தை மட்டும் கிடைக்கவில்லை. ஒட்டோகர் ‘காற்றழுத்தமானியும் கடைசிக் கேள்விகளும்’ என்று ஒரு சிறு நூல் எழுதினான். பெரிய வட்டத்தில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. விற்காத கட்டுகளை ஆடுகிற தையல் மெஷினுக்கு அடியில் வைத்தபோது, “இப்பதான் உன் தத்துவத்துக்கு ஒரு பிடிமானம் கிடைச்சிருக்கு” என்றாள் போல்டி. கல்யாணத்துக்கு அப்புறம் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேட்பாள்: “இந்த வருஷமாவது சொல்லேன். மனுஷன் சந்தோஷப்படட்டும்.”

“சொன்னா திரும்பமாட்டாரே, போல்டி” என்பான் அவன். அதில் பயம் இருந்தது என்பது அவளுக்கு வெகுநாள் புரியவில்லை.

ஏழெட்டு வருஷம் அந்தச் சண்டையிலேயே வாழ்ந்துவிட்டு, அப்பா ஒரு மத்தியானம் நாற்காலியில் தூங்கினபடி போய்ச் சேர்ந்தார். எழுபத்தொன்றாம் நம்பர் டிராம் ஏறிவிட்டார் என்று நம் ஊரில் சொல்வோம். அது போகிற இடம் மத்திய மயானம். வாழத் தெரியாதவனுக்குக்கூட வியன்னாவில் சாவு மட்டும் கோலாகலம்தான். கருப்பு இறகு வைத்த குதிரைகள், கிழட்டு ஹோஃப்ராட்கள், மாலையோடு அலோய்ஸ். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒட்டோகர் மட்டும் நகரவில்லை. போல்டி நாலடி தள்ளி நின்றாள்.

“ஹெர் ப்ரிபில்!” என்று அவன் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்துக் குரல். தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான், பைத்தியக்காரன்.

பிறகு தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். யாருக்கும் கேட்காத குரலில், “ஹெர் ஹோஃப்ராட்” என்றான்.

போல்டிக்குக் கேட்டது.

மயான வாசலில் இருந்த விடுதியில் சாவு விருந்து. எல்லாரும் மாட்டிறைச்சியும் முள்ளங்கித் துருவலும் தின்று, ஒயின் குடித்து, அப்பாவின் கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பொய் சொன்னார்கள். கடைசியில் காப்பி வந்தது, கூடவே கிளாஸ் தண்ணீரும் கரண்டியும். ஒட்டோகர் யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

போல்டி அவன் பக்கம் சாய்ந்தாள். கண்ணும் மூக்கும் அழுது சிவந்திருந்தன.

“குழிகிட்ட ஒண்ணு சொன்னியே” என்றாள். “எந்தத் தலை திரும்புச்சு?”

“ஒண்ணும் திரும்பல.”

அவள் கரண்டியை எடுத்து அவன் கிளாஸில் ஒரு தட்டுத் தட்டினாள். டிங்.

“ஒத்துக்கறேன்” என்றான் ஒட்டோகர். அவள் கையை எடுத்து, “கையை முத்தமிடறேன், அம்மணி” என்று சொல்லி, முத்தமிட்டான்.